ஏப்ரல் 10-க்கு மேல, 25-க்குள்ள

நெதர்லாந்தில் இருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கு எப்போது போனால் நல்லது என்று கடைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேலூரில் இப்போது தெருவுக்கு ஒரு வீட்டுப் பிள்ளையாவது வெளிநாட்டில் வேலையாக இருக்கிறது. "பேரன் பொறந்திருக்கான், எப்படியும் ஒரு தடவ போவணும். மே மாசம் லீவுல போயி அப்படியே அந்த டூலிப் பூவையும் பார்த்துட்டு வந்துடலாமாக்கா?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். பேரனை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பூவைப் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல் 10-க்கு மேல் போய், 25-க்குள் திரும்பிவிடுங்கள். ஏன் என்பதைக் கடையில் நின்ற வாக்கில் சொல்லி முடிக்க முடிவதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது பூ வியாபாரக் குடும்பம். அப்பா நேதாஜி மார்க்கெட்டில் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து ஆரம்பித்தார். இப்போது தம்பியும் நானும் கடையாக வைத்து நடத்துகிறோம். மல்லி, முல்லை, சாமந்தி, சம்பங்கி, கனகாம்பரம், ஓசூர் ரோஜா எல்லாம் உண்டு. இந்தத் தொழிலில் பிறந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: முகூர்த்தம் வருகிறதே என்று செடி பூக்காது. மார்கழிப் பனியில் மல்லி வரத்து படுத்துவிடும். தை பிறந்தால் கல்யாணம் வரிசையாக நிற்கும், செடியில் மொக்கு இருக்காது, விலை எங்கேயோ போய்விடும். பங்குனி வெயில் ஏற ஏற அதே மல்லி சாக்குச் சாக்காக வந்து இறங்கும். நம் தேதியைச் செடி பார்ப்பதில்லை, நாம்தான் செடியின் தேதியைப் பார்க்க வேண்டும். மகள் ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வீனில் குடியேறி, "ம்மா, எப்ப வர்ற?" என்று கேட்க ஆரம்பித்தபோது நான் முதலில் விசாரித்ததும் விமான டிக்கெட் விலை இல்லை, டூலிப்பின் கணக்கைத்தான்.

நம் மல்லிக்கு வெயில் எப்படியோ, டூலிப்புக்குக் குளிர் அப்படி. அது கிழங்கிலிருந்து வரும் பூ. கிழங்கைப் பார்த்தால் சின்ன வெங்காயத்தின் அக்கா மாதிரி இருக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் மண்ணில் புதைக்கிறார்கள். பனிக்காலம் முழுக்க அது குளிரில் கிடக்க வேண்டும். அந்தக் குளிர்ச்சி சில மாதம் கிடைத்தால்தான் உள்ளே பூங்காம்பு நீளத் தயாராகும். குளிர் போதாவிட்டால் இலை மட்டும் வரும், பூ வந்தாலும் கட்டையாக நின்றுவிடும். "வரும்போது நாலு கிழங்கு எடுத்துட்டு வாக்கா, தொட்டியில வைக்கறேன்" என்று கேட்டவர்கள் நிறைய. வேலூர் மண்ணில் அது பூக்காது. போதாததற்கு, முறையான அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றும் இல்லாமல் கிழங்கை இந்தியாவுக்குள் கொண்டுவரவும் முடியாது.

குளிரில் கிடந்த கிழங்கு மண் சூடேறியதும் கிளம்புகிறது. எல்லாப் பூவும் ஒன்றாகக் கிளம்புவதில்லை, வரிசை இருக்கிறது. மார்ச் நடுவில் குரோக்கஸ், தரையோடு தரையாக. அதையொட்டி மஞ்சள் டாஃபடில். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் ஹயசிந்த். டூலிப்புகளில் முந்தி வரும் ரகம் ஏப்ரல் ஆரம்பத்திலேயே தலைகாட்டும், பெரிய கூட்டம் ஏப்ரல் நடுவில் வரும், பிந்திய ரகங்கள் மே முதல் வாரம் வரை நிற்கும். குளிர் நீண்ட வருஷத்தில் இந்த வரிசை முழுக்க ஒரு வாரம், பத்து நாள் பின்னால் தள்ளும். வெயில் முந்திய வருஷத்தில் அவ்வளவு முன்னால் வரும். இந்த இரண்டு பக்க ஆட்டத்தையும் தாங்குகிற நாட்கள் எவை என்று பார்த்தால் 10-லிருந்து 25 வரைதான் மிஞ்சுகிறது. முந்தினாலும் டூலிப் இருக்கும், பிந்தினாலும் டூலிப் இருக்கும். ஏப்ரல் 1-க்குப் போகிறவர்களுக்கும் மே 10-க்குப் போகிறவர்களுக்கும் அந்த உறுதி கிடையாது.

எல்லோரும் படத்தில் பார்த்திருக்கும் தோட்டம் கியூக்கன்ஹாஃப். அது ஆம்ஸ்டர்டாமில் இல்லை, லிஸ்ஸே என்ற சிற்றூரில் இருக்கிறது. ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்தே நேராக பஸ் விடுகிறார்கள். 32 ஹெக்டேர், வருஷத்துக்குச் சுமார் 70 லட்சம் கிழங்கு, அத்தனையும் கையால் நடுவது. இவ்வளவு நட்டும் திறந்திருப்பது வருஷத்தில் எட்டு வாரம்தான். 2025-ல் மார்ச் 20 முதல் மே 11 வரை, 2026-ல் மார்ச் 19 முதல் மே 10 வரை. ஜூனில் போனால் கதவு பூட்டியிருக்கும். மே கடைசியில் பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் இதைக் கேட்டதும் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். போட்டோவில் பார்த்த தோட்டம் வருஷம் முழுக்க அப்படியே இருக்கும் என்று நினைப்பது இயல்புதானே.

அந்த எட்டு வாரமும் பூ காட்ட அவர்கள் ஒரு வேலை செய்கிறார்கள். ஒரே குழியில் மூன்று அடுக்காகக் கிழங்கு வைக்கிறார்கள். ஆழத்தில் பிந்திப் பூக்கும் டூலிப், அதற்கு மேல் முந்திப் பூப்பது, மேலாக குரோக்கஸ் போன்ற சின்னவை. ஒன்று ஓய்ந்ததும் அதே இடத்தில் அடுத்தது எழுந்து வருகிறது. அதனால் தோட்டத்துக்குள் எப்போது போனாலும் ஏதோ ஒரு நிறம் இருக்கும். ஆனால் வெளியே, விவசாயியின் வயலில், இந்த ஏற்பாடு கிடையாது. நான் அவ்வளவு தூரம் போனது வயலைப் பார்க்கத்தான். நாளைக் கறாராகச் சொல்வதும் வயலுக்காகத்தான்.

லிஸ்ஸேயிலிருந்து ஹில்லகோம் பக்கம் மருமகன் எங்களை சைக்கிள் பாதையோரமாக நடத்திக் கூட்டிப்போனார். கடற்கரை மணல்மேட்டுக்குப் பின்னால் தட்டையான நிலம், மணல் மண், நடுநடுவே வாய்க்கால். சிவப்பு ஒரு பட்டை, மஞ்சள் ஒரு பட்டை, ஊதா ஒரு பட்டை என்று கண்ணுக்கு எட்டும் வரை. முதலில் மூக்குக்கு எட்டியது ஹயசிந்த் வாசனை. நம் சம்பங்கி வாசனையை விடக் கனம், கொஞ்சம் நின்றால் தலையைப் பிடிக்கிறது. டூலிப்புக்கு வாசனை பெரும்பாலும் கிடையாது. மல்லி வியாபாரியான எனக்கு அது ஏமாற்றம்தான் என்று மகளிடம் சொன்னேன்.

அங்கே ஒரு வயலில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. டிராக்டர் மாதிரி ஒன்று பாத்தியின் மேலாக மெதுவாக நகர்ந்தது. அது போன பாதையில் சிவப்பு மறைந்து பச்சை மட்டும் நின்றது. பூத் தலைகளை வெட்டித் தள்ளிக்கொண்டே போகிறது. இதழ்கள் வரப்பிடையில் குவிந்து கிடந்தன, ஒன்றைக் கையில் எடுத்தேன். வாடவில்லை, பழுது இல்லை, நல்ல விலைக்குப் போகக்கூடிய பூ. "இன்னாத்துக்குடா இதை வெட்டறாங்க?" என்று என்னையறியாமல் சத்தமாகவே கேட்டுவிட்டேன். மருமகன்தான் விளக்கினார். இந்த விவசாயிக்குப் பூ சரக்கு இல்லை, கிழங்குதான் சரக்கு. பூ விரிந்ததும் ரகம் சரியா, வைரஸ் நோய் இருக்கிறதா என்று பாத்தி பாத்தியாகப் பார்க்கிறார்கள். நோய் தட்டிய செடியைப் பிடுங்கி எடுத்துவிட்டு மீதியின் தலையை வெட்டிவிடுவார்கள். பூவுக்கும் விதைக்கும் போகிற சத்து கிழங்குக்கு இறங்கும், கிழங்கு பருக்கும். கோடையில் அதைத் தோண்டி எடுத்து விற்பார்கள். காம்போடு வாங்கும் டூலிப் பெரும்பாலும் கண்ணாடிக் கூடாரத்தில் தனியாக வளர்ந்து வருவது.

கேட்ட பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு முழம் கட்ட எத்தனை மொக்கு வேண்டும் என்று தெரிந்தவளுக்கு அது ஆறாது. ஆனால் பயணத் தேதி பார்ப்பவர்களுக்கு இதில் பெரிய சேதி இருக்கிறது. காலையில் நிறமாக இருந்த வயல் மாலையில் பச்சையாகிவிடலாம். அதைத் தள்ளிப்போடும்படி யாரும் சொல்ல முடியாது. ஏப்ரல் கடைசிக்குள் பல வயல்களில் இந்த வேலை நடந்துவிடும். "தோட்டம் மே வரைக்கும் இருக்கே" என்று பிந்திப் போகிறவர்கள் தோட்டத்தைப் பார்ப்பார்கள், வயலைப் பார்க்காமல் வருவார்கள். இன்னொன்று, போட்டோவுக்காக வயலுக்குள் இறங்காதீர்கள். செருப்பில் ஒட்டும் மண்ணோடு நோய் போகிறது, காலில் மிதிபடும் ஒவ்வொன்றும் அவர்களுக்கு நட்டம். பலகையே வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் நின்றாலே போதும், நிலம் அவ்வளவு தட்டை.

ஆல்ஸ்மீர் பூ ஏலத்துக்கு யாரும் என்னைக் கூட்டிப்போக நினைக்கவில்லை, நானாகக் கேட்டுப் போனேன். ஆம்ஸ்டல்வீனிலிருந்து கிட்டத்தில்தான். ராயல் ஃப்ளோராஹாலண்ட் என்ற கூட்டுறவு அமைப்பு நடத்துகிறது. விவசாயிகளே அதன் உறுப்பினர்கள். உலகத்திலேயே பெரிய கட்டடங்களில் ஒன்று அது. வார நாட்களில் காலை 7 மணிக்குப் பார்வையாளர்களை விடுகிறார்கள், சனி ஞாயிறு கிடையாது. வேலை நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் எட்டு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். மேலே நீளமாக ஒரு நடைபாதை, அதிலிருந்து கீழே பார்க்கலாம். தள்ளுவண்டிகளை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து மின்சார வண்டிகள் இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. பூவெல்லாம் வாளித் தண்ணீரில் நின்றபடியே வருகிறது, நின்றபடியே போகிறது. கென்யா ரோஜா, எத்தியோப்பியா ரோஜா எல்லாம் இங்கே வந்து ஏலம் போய் வேறு நாட்டுக்குப் பறக்கிறது.

ஏலம் நடக்கும் விதம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நம் மண்டியில் கேட்கக் கேட்க விலை ஏறும். அங்கே மேலிருந்து இறங்குகிறது. திரையில் கடிகாரம் போல ஒரு வட்டம், உச்சி விலையிலிருந்து கீழே ஓடிக்கொண்டே வரும். வாங்குகிறவர் தனக்குச் சரியான இடத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் அழுத்தியவருக்கு அந்த விலைக்குச் சரக்கு. கொஞ்சம் பொறுத்தால் இன்னும் சல்லிசாகக் கிடைக்கும், பொறுத்தால் இன்னொருவர் தட்டிக்கொண்டு போவார். ஒரு லாட்டுக்குச் சில விநாடிதான். இப்போது நிறைய பேர் அவரவர் இடத்திலிருந்தே கம்ப்யூட்டரில் வாங்குகிறார்களாம். அழுகிற சரக்கு வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது என்று எனக்குத் தோன்றியது. நம்மிடம் ஒரு கூடை மல்லிக்கு மாமூல் ஆட்கள் நாலு பேர் பேசி முடிப்பதற்குள் மொக்கு வாய் திறந்துவிடும். தம்பியிடம் போனில் சொன்னேன், நம்பவே இல்லை. "இறங்குனா விவசாயி என்னக்கா ஆவறது?" என்றான். நியாயமான கேள்வி. அங்கே குறைந்தபட்ச விலை ஒன்று உண்டு, அதற்குக் கீழே இறங்கினால் சரக்கை விற்பதில்லை.

இந்த ஏலத்துக்கும் வசந்தம்தான் சரியான காலம். மே இரண்டாம் ஞாயிறு அங்கே அன்னையர் தினம், அதற்கு முந்திய வாரங்களில் சரக்கு குவியும். டூலிப் கட்டுகளும் இந்தக் காலத்தில்தான் நிறையப் பார்க்கலாம். அன்று சாயங்காலம் மகள் கடையிலிருந்து ஒரு கட்டு வாங்கி வந்தாள். புதுப் பூவா என்று அவர்கள் பார்க்கும் முறையைக் காட்டினாள். கட்டைப் பிடித்து லேசாகத் தேய்த்தால் இலையும் காம்பும் உரசிக் கீச்சென்று சத்தம் வரும். சத்தம் வந்தால் அன்று வெட்டியது. நாம் மல்லிக் காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்போம், அவர்கள் காதால் பார்க்கிறார்கள். ஜாடியில் வைத்தபிறகும் டூலிப் காம்பு வளர்ந்துகொண்டே இருக்கிறது. காலையில் பார்த்தால் முந்திய நாளைவிட உயரமாக நிற்கிறது. பகலில் விரிந்து, இரவில் மூடிக்கொள்கிறது.

நான் போனது 2025-ல். பங்குனி உத்திர வியாபாரத்தைத் தம்பி தலையில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அது சின்ன விஷயமில்லை, ரத்தினகிரிக்கும் வள்ளிமலைக்கும் போகிற கூட்டத்துக்குப் பூ கட்டிக் கொடுத்தே கை ஓய்ந்துவிடும் நாள். அந்த வசந்தம் அங்கே வழக்கத்தைவிட வெயிலும் வறட்சியுமாக இருந்தது, டூலிப் முழுசாக விரிந்திருந்தது. தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்திய சனிக்கிழமை பூ ஊர்வலம். ப்ளூமன்கோர்ஸோ என்கிறார்கள். நோர்த்வைக் என்ற கடற்கரை ஊரில் கிளம்பி ஹார்லம் வரைக்கும், சுமார் 42 கிலோமீட்டர், நாள் முழுக்க நகர்ந்து வருகிறது. பெரிய பெரிய வண்டிகள், எல்லாவற்றிலும் பூ. பெரும்பாலும் ஹயசிந்த். கொத்திலிருந்து பூவைத் தனித்தனியாகக் கிள்ளிப் பதித்திருக்கிறார்கள். வண்டி வருவதற்கு முன்னாலேயே வாசனை தெருவுக்கு வந்துவிடுகிறது.

சித்ரா பௌர்ணமிக்கு வேலூரில் புஷ்பப் பல்லக்கு பார்த்தவர்கள் அங்கே நின்றால் சும்மா இருக்க முடியாது. மண்டித் தெரு, லாங் பஜார் முழுக்க ஜனம், கோயில் கோயிலாகப் பல்லக்கு வந்து சேரும், விடியவிடிய வாணவேடிக்கை. எங்கள் கையும் அந்தப் பல்லக்கில் உண்டு. அதனால் நான் முதலில் பார்த்தது பூ எப்படி நிற்கிறது என்பதைத்தான். நாம் சரம் கட்டி மேலே சுற்றுகிறோம், தொங்கவிடுகிறோம். அவர்கள் சட்டத்தின் மேல் ஒவ்வொரு பூவாகக் குத்தி நிரப்புகிறார்கள். இடைவெளியே தெரிவதில்லை. ஆனால் நூல் கட்டு அங்கே கிடையாது. வாழைநாரில் ரெட்டைக் கட்டு கட்டும் வேகத்தைப் பார்த்தால் அவர்கள் வாயடைத்துப் போவார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மாவிடம் போனில் இருந்த நம் பல்லக்குப் படத்தைக் காட்டினேன். மகள் மொழிபெயர்த்தாள். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பி விரல்களைப் பார்த்தார்.

ஊர்வலம் வருஷா வருஷம் ஏப்ரல் நடுவையொட்டி ஒரு சனிக்கிழமை வரும். சரியான நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்தச் சனிக்கிழமையை நடுவில் வைத்து முன்னும் பின்னும் ஒரு வாரம் எடுத்துக்கொள்வதே நல்ல கணக்கு.

கொஞ்சம் முன்னாடி, ஏப்ரல் முதல் வாரத்தில்தான் போக முடியும் என்பவர்களும் கவலைப்பட வேண்டாம். ஆம்ஸ்டல்வீனை ஒட்டி ஆம்ஸ்டர்டாம்ஸே போஸ் என்று ஒரு பெரிய காடு. அதற்குள் 400 செர்ரி மரங்கள் நிற்கும் ஒரு தோப்பு. 2000-ல் ஜப்பானியப் பெண்கள் சங்கம் கொடுத்தது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெண்ணின் பெயர், பாதி ஜப்பானியப் பெயர், பாதி டச்சுப் பெயர். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் பூத்து முடிந்துவிடும். டிக்கெட் கிடையாது. ஜமுக்காளம் எடுத்துப் போய் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாம். நாங்கள் புளியோதரை கட்டிப்போனோம்.

தவிர்க்க வேண்டிய நாட்களையும் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் நீண்ட விடுமுறையில் அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்தும் கார் கட்டி வருகிறார்கள், கியூக்கன்ஹாஃபில் நடக்க இடமிருக்காது. 2026-ல் ஈஸ்டர் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28. இரண்டுமே நான் சொல்லும் நாட்களுக்கு வெளியே விழுகின்றன, நல்லதாயிற்று. அடுத்தது ஏப்ரல் 27, மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் பிறந்தநாள். அது ஞாயிறாக இருந்தால் 26-லேயே கொண்டாடுவார்கள். ஊரே ஆரஞ்சு உடையில் தெருவுக்கு வரும், கால்வாய் முழுக்கப் படகு, பாட்டு, குடி. பிள்ளைகள் பழைய பொம்மைகளைத் தெருவில் பரப்பி விற்பார்கள். இளசுகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்த நாளையொட்டி அறை வாடகை ஏறும், நகருக்குள் டிராம் சரியாக ஓடாது. முழங்கால் வலியோடு வரும் அம்மா அப்பாவுக்கு அது ஏற்ற நாள் இல்லை. 25-க்குள் கிளம்பிவிடச் சொல்வதற்கு இதுவும் காரணம். ஓட்டலில் தங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், அறை வாடகைக்கு மேல் நகராட்சி 12.5 சதவீதம் சுற்றுலா வரி போடுகிறது.

நகருக்குள் பார்க்க வேண்டியதை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் நாள் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்குத் தப்பி ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமி ஒளிந்திருந்த வீட்டுக்கு வாசலில் டிக்கெட் கிடையாது. செவ்வாய்க்கிழமை தோறும், ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான டிக்கெட்டை இணையத்தில் திறப்பார்கள். ஏப்ரல் நடுவில் போவதாக இருந்தால் மார்ச் ஆரம்பத்துச் செவ்வாய்க்கிழமையை காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வான்கோ மியூசியத்துக்கும் நேரம் குறித்து முன்பதிவு. ரெய்க்ஸ்மியூசியத்தில் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தைப் பார்க்கப் போகிறவர்கள் மழை நாளுக்கு அதை ஒதுக்கிக்கொள்ளலாம்.

மழை என்றதும் நினைவு வருகிறது, குளிர். ஏப்ரல் தன் இஷ்டத்துக்கு ஆடும் என்று அவர்களே சொல்வார்கள். பகலில் 13, 14 டிகிரி, விடியற்காலையில் 4, 5. வேலூரில் அதே நாளில் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஏலகிரிக்குப் போட்டுப்போகும் ஸ்வெட்டர் அங்கே பற்றாது. குளிரைவிடக் காற்றுதான் படுத்தும், அதனால் காற்றுப் புகாத மேல்கோட்டு, காதை மூடும் தொப்பி, கால் நனையாத ஷூ. புடவைக்கு உள்ளே போட கம்பளிக் கால்சட்டை கிடைக்கிறது, நான் பயணம் முழுக்கப் புடவையில்தான் இருந்தேன். குடை காற்றில் திரும்பிக்கொள்ளும், தலைமூடி வைத்த கோட்டே நல்லது. வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுகிறார்கள். ஏப்ரல் நடுவில் இரவு எட்டரைக்குத்தான் சூரியன் இறங்குகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சுற்றுலா பஸ்கள் போனபிறகு வயலோரம் நடந்தால் ஆள் அரவமே இருக்காது, சாய்ந்த வெயிலில் நிறமும் அப்போதுதான் நன்றாகத் தெரியும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஏப்ரல் நடு சரிவராது, பரீட்சை இருக்கும். அவர்கள் ஏப்ரல் 28 முதல் மே 8-க்குள் போகலாம். வயல் பெரும்பாலும் போயிருக்கும், தோட்டத்தில் பிந்திய டூலிப் இருக்கும், வெயில் கொஞ்சம் கூடும். அந்த நாட்களுக்கென்று வேறு இரண்டு இருக்கின்றன. கால்வாய் ஓரம் முழுக்க எல்ம் மரங்கள், அவற்றின் விதை காகிதம் போல மெல்லிசாக, வட்டமாக, ஏப்ரல் கடைசியிலும் மே முதலிலும் உதிர்ந்து தெருவெல்லாம் வெள்ளையாகப் பறக்கும். மே 4 மாலை எட்டு மணிக்கு, போரில் இறந்தவர்களுக்காக நாடே இரண்டு நிமிடம் பேசாமல் நிற்கும். டிராம் கூட நின்றுவிடுமாம். மறுநாள், மே 5, அவர்களுக்கு விடுதலை நாள். மகள் இரண்டையும் பார்த்திருக்கிறாள், பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டியது என்கிறாள். அப்போது இங்கே கத்திரி தொடங்கியிருக்கும். கத்திரிக்குத் தப்பியதும் ஒரு லாபம்.

விசாவுக்கு முந்துங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு (நெதர்லாந்துக்கும் மற்றப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) விண்ணப்பிக்கலாம். ஏப்ரலுக்குப் போவதென்றால் நவம்பர், டிசம்பரிலேயே சென்னையில் கைரேகை கொடுத்துவிடுவது நிம்மதி. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிள்ளை வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர்கள் அங்கே நகராட்சியில் கையெழுத்தைச் சரிபார்த்து முத்திரை வாங்கிய படிவத்தை அனுப்ப வேண்டும். அதைக் கடைசி வாரத்துக்கு வைத்தால் எல்லாம் தள்ளிப்போகும். வேலூர்க்காரர்கள் சென்னையை மட்டும் பார்க்காதீர்கள். பெங்களூரிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு கே.எல்.எம். விமானம் நேராகப் பறக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கத்தவர்களுக்கு அதுதான் வசதி. வயசானவர்கள் நடுவில் இறங்கி விமானம் மாறி அலையாமல் போய்ச் சேரலாம்.

வெளிநாடு வேண்டாம், டூலிப் மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஸ்ரீநகர் இருக்கிறது. 2007-ல் அமைத்த தோட்டம், தால் ஏரிக்கு மேலே மலையடிவாரத்தில். அங்கேயும் இதே சட்டம்தான், மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் சுமார் ஒரு மாதம் மட்டும்.

எங்களைப் போன்ற பூ வியாபாரிகளுக்கும், பல்லக்கு வேலை செய்பவர்களுக்கும் தனியாக ஒன்று. சித்ரா பௌர்ணமி எந்தத் தேதியில் விழுகிறது என்று முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். 2026-ல் மே 1, தாராளமாகப் போய்த் திரும்பலாம். 2028-ல் மே 8, அதுவும் நல்ல வருஷம். நடுவில் 2027-தான் இடிக்கிறது. பௌர்ணமி ஏப்ரல் 20, டூலிப்பின் உச்சமும் அதே வாரம். இரண்டும் வேண்டும் என்றால் முடியாது. அந்த வருஷம் மகள் கூப்பிட்டால் நான் மார்ச் 30 வாக்கில் போய், ஹயசிந்த்தையும் செர்ரித் தோப்பையும் முந்திய ரக டூலிப்பையும் பார்த்துவிட்டு, ஏப்ரல் 12-க்குள் காட்பாடியில் இறங்கிவிடுவேன். பல்லக்குக்கு நார் கிழிக்கவே ஒரு வாரம் வேண்டும்.